வீடு, சங்கு, திசைகாட்டி: திருமலை வாக்கு எங்க போச்சு? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்ததில முக்கால்வாசி தேர்தல் கேள்விதான். சாத்திரம், சமையல், பென்ஷன் எண்டு கேட்ட ஆக்கள் கோவிக்காதைங்கோ, அடுத்த இதழில கட்டாயம் வாறன்.

கேள்வி: அண்ணை, நாங்க பரம்பரையா ஒரே கட்சிக் குடும்பம். அப்பப்பா 56ஆம் ஆண்டு தமிழரசுக் கட்சியின்ர திருமலை மாநாட்டுக்குப் போன ஆள், கட்சிச் சின்னம் வீடு. அப்பாட காலத்தில கூட்டணியின்ர உதயசூரியன். எனக்குத் திரும்ப வீடு. இப்பிடி எத்தினையோ குடும்பம் இருக்கிற ஊரில 2024 ஜனாதிபதித் தேர்தலில தமிழ்ப் பொது வேட்பாளருக்கு, அவரும் தமிழரசுக் கட்சி ஆள்தானே, மாவட்டத்திலயே 18,524 வாக்குத்தான். ரெண்டு மாசத்தில வந்த பாராளுமன்றத் தேர்தலில வீட்டுக்கு 34,168, அதுவும் முந்தினதை விடக் குறைவு. எங்கட சனம் ஏன் இப்பிடிச் செய்தது?
– வாசகர், திருக்கடலூர்

பதில்: தம்பி, பொது வேட்பாளர் அரியநேத்திரன்ர சின்னம் சங்கு எடுத்த வாக்கையும் வீடு எடுத்த வாக்கையும் சேர்த்துப் பாக்காதைங்கோ. ரெண்டும் வேற தேர்தல், சனம் ரெண்டிலயும் வேற வேற கணக்குப் போட்டுத்தான் பள்ளிக்கூட வாசலுக்குப் போனது.

முதல்ல சங்கு. செப்ரெம்பர் 21 எங்கட திருகோணமலை மாவட்டத்தில எதிர்க்கட்சித் தலைவர் சஜித்துக்கு 120,588, கடைசியில வெண்ட அநுரவுக்கு 49,886, அப்ப ஜனாதிபதியா இருந்த ரணிலுக்கு 40,496, நாலாவதாத்தான் அரியநேத்திரன், வீதமாப் பாத்தா 7.74. யாழ்ப்பாண மாவட்டத்தில அதே அரியநேத்திரனுக்கு 116,688, அது 31 வீதத்துக்கு மேல, சஜித்துக்கு கிட்ட முட்டிக்கொண்டு நிண்டவர். இதை வைச்சு திருமலைத் தமிழனுக்கு உணர்வில்லை எண்டு பேஸ்புக்கில கொஞ்சப்பேர் எழுதித் தள்ளினவை. விசர்க்கதை. யாழ்ப்பாணத்தில கிட்டத்தட்ட முழுப்பேரும் தமிழர், இங்க 2012 குடிசன மதிப்பீட்டில முஸ்லிம்கள் 40 வீதத்துக்கு மேல, தமிழர் 30 சொச்சம், சிங்களவர் 27 அளவில. அப்ப 7.74ஐ 31ஓட ஒப்பிடக் கூடாது, 30 சொச்சத்துக்குள்ள 7.74 எவ்வளவு எண்டு பாக்கோணும், ஏறக்குறைய நாலில ஒரு பங்கு. அங்க மூண்டில ஒரு பங்கு. வித்தியாசம் இருக்குத்தான், ஆனா அவை சொல்லுற மாதிரி மலையும் மடுவும் இல்லை.

அந்த மிச்ச வித்தியாசம் ஏன் வந்தது எண்டால், இங்க ஜனாதிபதித் தேர்தல் எண்டால் ஆர் வரவேணும் எண்டதை விட ஆர் வரக்கூடாது எண்டதுக்குத்தான் கன காலமா வாக்குப் போட்டுப் பழக்கம். 2015ல மகிந்தவுக்கு எதிரா நிண்ட மைத்திரிக்கு 71 வீதத்துக்கு மேல, 2019ல கோட்டாபயவுக்கு எதிரா நிண்ட சஜித்துக்கு 166,841, அது 72 வீதம், ரெண்டு முறையும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து விழுந்த வாக்கு. பிறகு ஏன் இந்தப் பழக்கம் எண்டு கேக்கிறியளோ, தென்னமரவடிக்கும் திரியாய்க்கும் கன்னியாவுக்கும் போய்ப் பாருங்கோ. வயல் காணிக்குள்ள தொல்லியல் கல்லு நட்டால், வெந்நீரூத்துக்குப் போற பாதையில பிரச்சினை வந்தால், அதை நிப்பாட்டச் சொல்லக்கூடிய ஆள் கடைசியில கொழும்பில இருக்கிற ஜனாதிபதிதான். ஆளுநரை வைக்கிறதும் அவர்தான். 2020ல கிழக்குக்கு எண்டு தொல்லியல் செயலணி ஒண்டு போட்டாங்கள், தொடங்கேக்க அதில ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. இப்பிடி அடிபட்ட சனம், வெல்ல மாட்டார் எண்டு தானே சொல்லுற வேட்பாளருக்கு வாக்கைக் குடுக்கிறதுக்கு ரெண்டு தரம் யோசிக்கத்தான் செய்யும்.

இதில எனக்கு உண்மையா ஆத்திரம் வாற இடம் ஒண்டு இருக்கு. ஜனாதிபதித் தேர்தலில 1, 2, 3 எண்டு விருப்பம் போடலாம். சங்குக்கு 1 போட்டு, தனக்கு விருப்பமான மற்ற ஆளுக்கு 2 போட்டிருந்தால் வாக்கு வீணாப் போகாது, அந்த முறை முதல் எண்ணிக்கையில ஒருத்தரும் 50 வீதத்தைத் தாண்டாமல் சரித்திரத்திலயே முதல் தரமா ரெண்டாவது எண்ணிக்கைக்குப் போனதும் அதே தேர்தலில தானே. இதை வாசல் வாசலா ஏறி விளங்கப்படுத்தியிருந்தால் பயந்து சஜித்தின்ர போன் சின்னத்துக்குப் போட்ட எத்தினையோ பேர் சங்குக்கும் போட்டிருப்பினம். சங்குப் பக்கம் நிண்ட ஆக்கள் மேடையில தேசம், இனம், திரட்சி எண்டு கதைச்சவையே ஒழிய வாக்குச்சீட்டை எப்பிடிப் போடுறது எண்டதை ஆற அமர இருந்து சொல்லிக் குடுத்தது குறைவு.

அதோட தமிழரசுக் கட்சி. செப்ரெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில மத்திய குழு கூடி சஜித்துக்கு ஆதரவு எண்டு அறிவிச்சுது, வாக்களிப்புக்கு இருந்தது மூண்டு கிழமை. போட்டியிடுறவர் அதே கட்சிக்காரர், மட்டக்களப்பில எம்.பியா இருந்தவர். யாழ்ப்பாண எம்.பி சிறீதரனும் சங்குப் பக்கம். அந்த வருசம் தை மாசம்தான் எங்கட ஊர் நகர மண்டபத்தில தலைவர் தேர்தல் வைச்சு சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137 எண்டு முடிவு வந்தது, பிறகு செயலாளர் பதவியில இழுபறி, மாநாடு தள்ளிப் போச்சு, வழக்கு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்கே வந்துது. யாழ்ப்பாணத்தான் இதை பேப்பரில வாசிச்சவன், எங்கட ஆக்கள் மார்க்கெட்டுக்குப் போற வழியில பாத்தவை. தலைவர் ஒரு பக்கம், மத்திய குழு ஒரு பக்கம், வேட்பாளர் ஒரு பக்கம் எண்டால் விசுவாசமான வாக்காளன் எதுக்கு விசுவாசமா இருக்கிறது?

இனி வீடு. 2015ல 45,894, 2020ல 39,570, 2024ல 34,168. ஒவ்வொரு முறையும் அஞ்சாயிரம் ஆறாயிரமாக் கழண்டு போகுது. 2004ல 68,955 எடுத்து ரெண்டு சீற் வந்ததெண்டு சொல்லுவினம், அது வேற காலம், புலிகளின்ர ஆதரவு இருந்த தேர்தல், வாக்குச்சாவடியில நடந்த கூத்து பற்றிக் கன முறைப்பாடும் வந்தது, அதை அளவுகோலா எடுக்கேலாது. ஆனா அந்தத் தேர்தலில ஒரு விசயம் கவனியுங்கோ. 2001 வரைக்கும் உதயசூரியன், 2004ல சின்னப் பிரச்சினை வந்து திடீரெண்டு வீடு. எழுத்துத் தெரியாத ஆச்சிமார் கூட வீட்டைத் தேடிப் போட்டவை. அப்ப எங்கட சனம் சின்னத்துக்கு அடிமை எண்டு நினைக்கிறது பிழை, ஏன் மாத்தினது எண்டு சொன்னால் மாறும், சொல்லாட்டி நிண்டுபோகும்.

இன்னொரு கணக்கு. 2015ல எங்கட மாவட்ட எம்.பி சம்பந்தன் ஐயாவுக்கு விருப்பு வாக்கு 33,834. 2020ல 21,422. பன்னிரண்டாயிரத்துக்கு மேல குறைஞ்சுது, ஆனா கட்சிக்கு ஆறாயிரம் சொச்சம்தான் குறைஞ்சுது. அதாவது ஆறாயிரம் பேரளவில வீட்டுக்குப் புள்ளடி போட்டிட்டு ஐயாட இலக்கத்தை மட்டும் விட்டிருக்கினம். அப்பவே சனம் சொல்லிப்போட்டுது. ஐயா 1977ல இருந்து அரசியலில நிண்ட பெரிய மனுசன், அதில மறுபேச்சில்லை, கடைசிக் காலத்தில உடம்பு ஏலாமல் கொழும்பில இருந்தார், 2024 ஆனி 30 கண்ணை மூடிட்டார். அவருக்குப் பிறகு ஆர் எண்டதை அவர் இருக்கேக்கயே ஊருக்குக் காட்டி வளர்த்திருக்கோணும், வளர்க்கல்ல. அவரிட இடத்துக்கு எம்.பியா குகதாசன் வந்தது 2020 பட்டியலில அடுத்த இடத்தில இருந்ததால, நாலு மாசத்தில அடுத்த தேர்தல். அவரைக் குறை சொல்ல என்ன கிடக்கு.

2024ல இன்னொண்டு நடந்தது, ஆரும் சரியாக் கதைக்கிறேல்ல. செப்ரெம்பரில மாவட்டத்தில செல்லுபடியான வாக்கு ரெண்டு லட்சத்து 39 ஆயிரம் சொச்சம், நவம்பர் 14ல ரெண்டு லட்சத்து 5 ஆயிரத்துக்குக் கிட்ட. 34 ஆயிரம் வாக்கு ரெண்டு மாசத்தில காணாமல் போச்சு, ஒண்டில் வரல்ல, இல்லாட்டி வந்து பிழையாப் போட்டு நிராகரிச்சது. வீடு மொத்தமா எடுத்ததும் அவ்வளவுதான்! இது எல்லாம் தமிழ் வாக்கெண்டு நான் சொல்லல்ல, மூண்டு இனமும் இருக்கும், ஆனா எங்கட பங்கும் அதுக்குள்ள நல்லா இருக்கு.

உங்கட திருக்கடலூரிலயே தேர்தலுக்குப் பிறகு ஒரு அக்காவோட கதைச்சனான், கரையில மீன் தரம் பிரிச்சுக் கொண்டிருந்தவ, சூடை ஒரு பக்கம், கீரி ஒரு பக்கம், கை நிக்காமலே கதைச்சவ. வாக்குப் போட்டியளோ எண்டு கேட்டன். "போகல்ல தம்பி. வந்தவர் கேட்ட முதல் கேள்வி, அக்கா உங்கட வீட்டில எத்தினை வாக்கு எண்டுதான். எத்தினை பேர் சாப்பிடுறியள் எண்டு கேக்கல்ல. சுருக்குவலைக்காரர் வந்து எங்கட சின்ன வலைக்கு மீனே இல்லாமச் செய்யிறாங்களே, அதைக் கேக்கல்ல. நோட்டிஸைத் தந்திட்டு ஓட்டோவில ஏறிட்டார்." எந்தக் கட்சி எண்டு நான் கேக்கல்ல, அவ சொல்லவுமில்லை. ஆனா அவ காலம் காலமா எதுக்குப் போட்டவ எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

என்னைக் கேட்டால் இதுதான் மெயின் காரணம். மாறிப் போடக்கூடிய வாக்கைத் தேடித்தான் கட்சிக்காரர் அலையிறது, எங்களுக்கு எப்பவும் போடுற வீட்டுக்கு ஏன் போவான் எண்டு கடைசி நாள் வரைக்கும் விட்டுவிடுறது. விசுவாசமான வீட்டு வாசலில்தான் செருப்புத் தடமே இல்லை.

கேள்வி: ஒரு சீற் எப்பிடியும் தமிழருக்கு வரும்தானே, பிறகேன் இவ்வளவு பதறுறியள்?
– வாசகர், அன்புவழிபுரம்

பதில்: எப்பிடியும் வரும் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? 2000ஆம் ஆண்டு தேர்தலில திருகோணமலையில இருந்து ஒரு தமிழ் எம்.பியும் போகல்ல. வாக்குப் பிரிஞ்சு போச்சு, முடிஞ்சுது.

2024 கணக்கை ஒருக்கா பேப்பரும் பேனையும் எடுத்துப் போட்டுப் பாருங்கோ. மாவட்டத்துக்கு 4 ஆசனம். கூட வாக்கு எடுத்த கட்சிக்கு முதல்ல ஒரு போனஸ், அது அநுரவின்ர தேசிய மக்கள் சக்திக்கு, அதான் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போச்சு. மிச்சம் 3. அஞ்சு வீதம் எடுக்காத கட்சியளைக் கழிச்சுப் போட்டு மிச்ச வாக்கை மூண்டால பிரிக்கோணும். திசைகாட்டி 87,031, சஜித்தின்ர ஐக்கிய மக்கள் சக்தி 53,058, வீடு 34,168, கூட்டினால் 174,257, மூண்டால பிரிச்சால் 58 ஆயிரத்துச் சொச்சம். அந்தளவு எடுத்தது திசைகாட்டி மட்டும், அதுக்கு ஒரு சீற் குடுத்தாச்சு. பிறகு மிச்ச வாக்கு ஆருக்குக் கூட எண்டு பாத்து மற்ற ரெண்டையும் குடுக்கிறது. ஐக்கிய மக்கள் சக்திக்கு 53,058 அப்பிடியே இருக்கு, ஒண்டு அவைக்கு. கடைசி சீற்றுக்கு நிக்கிறது வீட்டின்ர 34,168ம் திசைகாட்டியின்ர மிச்சம் 28,945ம். வித்தியாசம் 5,200 சொச்சம்.

இப்ப பதறுவியளோ இல்லையோ பாருங்கோ. வீட்டுக்குப் போட்ட ஆக்களில ஒரு 2,700 பேர் மனம் மாறி திசைகாட்டிக்குப் போட்டிருந்தால் தமிழரசுக் கட்சிக்கு சீற் இல்லை. மனம் மாறக்கூடத் தேவையில்லை, 4,000 பேர் மழை எண்டு போர்த்துக்கொண்டு படுத்திருந்தாலே போயிருக்கும். 2020ல இதே கணக்கைப் போட்டால் கடைசி சீற்றுக்கு வீட்டுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில 18 ஆயிரம் இடைவெளி இருந்தது. நாலு வருசத்தில 18 ஆயிரம் அஞ்சாயிரமா வந்திருக்கு.

இதுவும் எப்பிடி வந்தது? வடக்குக் கிழக்கில மற்ற மாவட்டமெல்லாம் தமிழரசும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் தனித்தனியா முட்டுப்பட, இங்க மட்டும் ரெண்டு பகுதியையும் இருத்திக் கதைச்சு வீட்டுச் சின்னத்துக்குள்ள ஒண்டாக்கினதால வந்தது. மதப் பெரியாக்களும் ஊர்ப் பெரியாக்களும் எத்தினை தரம் நடந்தவை எண்டு எங்களுக்குத் தெரியும். அது சரிவராமப் போயிருந்தால் 2000ஆம் ஆண்டு நடந்ததுதான் திரும்ப நடந்திருக்கும்.

கேள்வி: எங்கட ஸ்ராஃப் ரூமில தேர்தல் முடிஞ்ச நாளில இருந்து சண்டை. திசைகாட்டிக்குப் போட்ட தமிழர் துரோகம் செய்திட்டினம் எண்டு ஒரு கூட்டம், மாற்றம் வேணும் எண்டு ஒரு கூட்டம். நான் ஆருக்குப் போட்டன் எண்டு சொல்ல மாட்டன். நீங்க என்ன நினைக்கிறியள்?
– ஆசிரியை, உவர்மலை

பதில்: ரீச்சர், நீங்க சொல்லாமலே விளங்குது, சரி விடுவம்.

துரோகி எண்டு சொல்லுறதை முதல்ல நிப்பாட்டச் சொல்லுங்கோ. அப்பிடிச் சொல்லி ஒரு வாக்குக்கூடத் திரும்பி வந்ததாச் சரித்திரமில்லை, வரக்கூடியதும் வராமப் போகும். திசைகாட்டியில நிண்ட அருண் ஹேமச்சந்திரவின்ர விருப்பு வாக்கு 38,368. வீடு எண்ட முழுப்பட்டியலுக்கும் விழுந்ததை விட ஒரு ஆளுக்கு விழுந்தது கூட! அது முழுக்கத் தமிழ் வாக்கில்லை, சேருவில, கந்தளாய், கிண்ணியா எல்லாம் சேர்ந்ததுதான், ஆனா தமிழில வந்து கதைக்கிற, ஊர்ப்பெடியன் எண்டு சொல்லக்கூடிய ஒரு ஆளைத் தெரிஞ்சு அவை நிப்பாட்டினது தற்செயல் இல்லை. ஜனாதிபதித் தேர்தலில 49,886 எடுத்த பகுதி ரெண்டு மாசத்தில 87,031க்கு வந்தது. ஆட்சி அமைச்சாச்சு, இனி அவையோட நிண்டால் ஏதும் நடக்கும் எண்டு சனம் நினைச்சது, அதில என்ன பிழை? நடந்துதோ இல்லையோ எண்டு அடுத்த முறை அதே சனம் கேக்கும்.

யாழ்ப்பாணத்திலயே திசைகாட்டி முதலாவதா வந்து 6ல 3 சீற் எடுத்தது. ஆனா மட்டக்களப்பைப் பாருங்கோ. முழு இலங்கையிலயும் திசைகாட்டி முதலிடம் எடுக்காத ஒரே மாவட்டம் அதுதான், அங்க முதலாவது வீடு, 3 சீற். வீட்டில நிண்ட சாணக்கியனுக்கு மட்டும் 65 ஆயிரத்துக்கு மேல விருப்பு வாக்கு. அதே கட்சி, அதே சின்னம், அதே உள்வீட்டுச் சண்டை, அதே சுனாமி மாதிரி வந்த மாற்ற அலை. அப்ப தமிழ்த் தேசியம் செத்துப் போச்சு எண்டு சொல்லுறவையும் பிழை, சனம் துரோகம் செய்தது எண்டு சொல்லுறவையும் பிழை. அங்க ஆள் களத்தில நிண்டார், பாராளுமன்றத்தில மூண்டு பாஷையிலயும் கத்தினது வீடியோவா எல்லாற்ற போனுக்கும் வந்தது. சாணக்கியனை எனக்கு எல்லாத்திலயும் பிடிக்கும் எண்டில்லை, சில நேரம் கதை கூட, ஆனா காணாமல் போற ஆள் இல்லை.

ஸ்ராஃப் ரூமில இதை வாசிச்சுக் காட்டுங்கோ, ரெண்டு கூட்டமும் சேர்ந்து என்னைப் பேசும், சண்டையும் முடியும்.

கேள்வி: 2025 உள்ளூராட்சித் தேர்தலில எங்கட வட்டாரத்தில எங்கட கட்சி நிப்பாட்டினவர் படிச்சவர், களவு பொய் இல்லாதவர். எங்கட ஊரெல்லாம் அந்தக் கட்சிதான். எண்டாலும் சொந்த ஊர் வாக்கே அவருக்கு முழுசா விழல்ல. கட்சி பேர் போடாதைங்கோ. காரணம் என்னவா இருக்கும்?
– வாசகர், மூதூர் கிழக்கு

பதில்: கட்சி பேர் போடல்ல, ஊர் பேரும் போடல்ல. ஆனா போன மாசம் அந்தப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்கு வந்த இடத்தில விசாரிச்சுப் பாத்தனான், நாலைஞ்சு பேரைக் கேட்டால் நாலைஞ்சு கதை வந்தது.

ஒருத்தர் சொன்னார், வேட்பாளர் நல்லவர்தான், ஆனா ஆரைக் கேட்டு நிப்பாட்டினவை? ஊரில கோயில் சபை இருக்கு, மாதர் சங்கம் இருக்கு, கமக்காரர் அமைப்பு இருக்கு, ஒண்டையும் கூப்பிட்டுக் கதைக்கல்ல, பட்டியல் ரவுணில எழுதி வந்தது. இன்னொருத்தர், அதே கட்சியில கேட்டுக் கிடைக்காத ஒரு ஆள் சுயேச்சையில நிண்டு ஒரு ஒழுங்கையின்ர வாக்கை முழுசாக் கொண்டுபோனார் எண்டார். மூண்டாவது ஒரு அம்மா. 2006 சித்திரையில செல்லடியில ஓடி, பிறகு கிளிவெட்டி முகாமில வருசக்கணக்காக் கிடந்து, 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பினவ. "நாங்க தகரக் கொட்டிலுக்குள்ள கிடக்கேக்க இவர் எங்க மகன் இருந்தவர்?" எண்டு கேட்டா. அந்த மனுசன் அப்ப கொழும்பில படிச்சுக் கொண்டிருந்திருப்பார், அவரில பிழையே இல்லை. ஆனா அந்தக் கேள்விக்கு அவர் போய் அந்தத் திண்ணையில இருந்து பதில் சொல்லியிருக்கோணும். பொது நூலகம், வடிகான், தெருலைற் எண்டு நல்ல திட்டமெல்லாம் அச்சடிச்சுக் குடுத்தவர், இதுக்கு மட்டும் பதில் இல்லை.

பிரதேச சபைத் தேர்தல் எண்டது பாராளுமன்றம் மாதிரி இல்லை தம்பி. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். வட்டாரத்தில ஒரு வாக்குக் கூட எடுத்தவர் வெண்டார், அவ்வளவுதான். அங்க சின்னத்தைப் பாத்துப் போடுறது குறைவு, செத்தவீட்டுக்கு வந்தவரோ, தண்ணி வவுசர் வராத நாளில போன் எடுத்தால் தூக்கினவரோ எண்டுதான் பாக்கும் சனம். 2018க்குப் பிறகு 2023ல வைக்க வேண்டிய தேர்தல் காசில்லை எண்டு தள்ளிப் போய் 2025 மே 6தான் நடந்தது, ஏழு வருசம். இவ்வளவு காலத்துக்குள்ள பழைய வட்டாரக் கமிட்டி எல்லாம் கலைஞ்சு போச்சு, பாதிப்பேர் வெளிநாடு, கொஞ்சப்பேர் மோசம் போயிட்டினம். வாக்காளர் இடாப்பை வைச்சுக்கொண்டு இந்த வீட்டில ஆர் இருக்கினம் எண்டு சொல்லக்கூடிய ஏஜண்ட் ஒருத்தர் இல்லாமல் தேர்தலுக்கு இறங்கினால் இப்பிடித்தான்.

ஒரு ஆறுதல், தோத்த வட்டாரத்து வாக்கு வீணாப் போறேல்ல, அது பட்டியல் கணக்குக்குப் போய்ச் சேரும். உங்கட ஆளுக்கு விழுந்த வாக்காலதான் வேற ஒருத்தர் உள்ள போயிருப்பார். ஆர் எண்டு பாத்து, வட்டார வேலையை அவரிட்டக் கேளுங்கோ, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

கேள்வி: நாங்கள் இங்க இருந்து எவ்வளவு பதிவு போட்டம், எவ்வளவு காசும் அனுப்பினம். எண்டாலும் சங்கு ஏன் தோத்தது?
– வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: அண்ணை, உங்கட பதிவுக்கு விழுந்த லைக்கில பாதிப்பேருக்கு இங்க வாக்கில்லை.

கேள்வி: அண்ணன், தமிழாக்கள்ட கட்சிக்கு மட்டுமா இந்தப் பிரச்சினை? எங்கட முஸ்லிமாக்கள் பக்கமும் ரெண்டு எம்.பி இருந்த இடத்தில ஒண்டாப் போச்சே, அதப்பத்தி ஒண்டும் எழுத மாட்டீங்களா?
– வாசகர், கிண்ணியா

பதில்: எழுதுவன் நானா, ஏன் எழுதாமல். 2020ல ஐக்கிய மக்கள் சக்திப் பட்டியலுக்கு 86,394, இம்ரான் மகரூபும் தௌபீக்கும் ரெண்டு பேரும் போனவை. 2024ல 53,058, இம்ரான் மட்டும். 33 ஆயிரம் வாக்கு. செப்ரெம்பரில சஜித்துக்கு 120,588 போட்ட மாவட்டம் நவம்பரில அவரிட கட்சிக்கு அதில பாதிகூடப் போடல்ல, இது வீட்டை விடப் பெரிய சரிவு. சஜித் தோத்தாப் பிறகு எதிர்க்கட்சிக்குப் போட்டு என்ன பலன் எண்டது ஒண்டு. மற்றது, கிண்ணியாவா மூதூரா எண்ட ஊர்ப்போட்டி, அது உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, கல்யாண வீட்டில கூட கதை அதுலதான் போய் முடியும். உங்கட ஊராக்களும் எங்கட ஊராக்களும் ஒரே மாதிரித்தான் யோசிச்சிருக்கினம், ரெண்டு பக்கத் தலைவர்மாருக்கும்தான் அது இன்னும் விளங்கல்ல.

கேள்வி: மாகாணசபைத் தேர்தல் வந்தால் தமிழ்க் கட்சியள் இதைத் திருத்துமோ?
– வாசகி, பாலையூற்று

பதில்: முதல்ல தேர்தல் வரட்டும் தங்கச்சி. கிழக்கு மாகாணசபைக்குக் கடைசியாத் தேர்தல் நடந்தது 2012ல, 2017 புரட்டாதியோட காலம் முடிஞ்சு போச்சு, அண்டையில இருந்து ஆளுநர் ஆட்சிதான். 2017ல தேர்தல் முறையை மாத்திச் சட்டம் கொண்டுவந்தாங்கள், எல்லை நிர்ணய அறிக்கையை 2018ல பாராளுமன்றமே தோக்கடிச்சுது, பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை எண்டு நிக்குது.

பழைய விகிதாசார முறையிலயே வந்தால் எங்கட மாவட்டத்துக்கு 10 உறுப்பினர். 2012ல வீட்டுக்கு 3 பேர் வந்தவை. 2024 பாராளுமன்ற வாக்கை அப்பிடியே தூக்கிப் போட்டு நான் கணக்குப் பாத்தன், 2தான் வருது, அதில ரெண்டாவது ஆள் மிச்ச வாக்கில தொங்கிக்கொண்டு வாறார். மூண்டாவது ஆளைத் திருப்பி எடுக்கிறதெண்டால் இன்னும் ஒரு பதினைஞ்சாயிரம் வாக்காவது வேணும், அதில பெரும்பகுதி வேற இனத்திட்ட இருந்தோ வேற கட்சியிட்ட இருந்தோ பறிக்க வேண்டிய வாக்கில்லை, 2015ல வீட்டுக்குப் போட்டு 2024ல போடாத வாக்கே பதினோராயிரம் கிடக்கு. பாலையூற்றிலயும் கிடக்கு, உங்கட ஒழுங்கையிலயும் கிடக்கும்.

திருத்துமோ எண்டு கேட்டியள். வேட்புமனுவுக்கு முதல் நாள் இரவு பட்டியல் எழுதுற பழக்கத்தை விட்டால் திருத்தும். இப்பவே ஆர் ஆர் எண்டு சொல்லி, அதில ரெண்டு பொம்பிளையளையும் வெல்லக்கூடிய இடத்தில போட்டு, ஒரு வருசம் ஊருக்குள்ள நடக்க விடட்டும் பாப்பம். நீங்களும் சும்மா இருக்காமல் உங்கட கிளைச் செயலாளர் ஆரெண்டு விசாரியுங்கோ. நான் என்ர வட்டாரத்தில கேட்டன், மூண்டு பேர் மூண்டு பேரைச் சொன்னவை.